வளரறி மதிப்பீடும் மின்னணுக் கருவிகளும் – தமிழ்நாட்டு வகுப்பறை

வளரறி மதிப்பீடு என்பது, பாடம் நடந்துகொண்டிருக்கும் காலத்திலேயே மாணவர் எதைக் கற்றுக்கொண்டார், எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதை அறிந்து, அதற்கேற்ப ஆசிரியர் தம் கற்பித்தலை மாற்றிக்கொள்வதற்காகச் செய்யப்படும் மதிப்பீடு ஆகும். பருவத்தின் அல்லது ஆண்டின் முடிவில், கற்றதன் மொத்த அளவை அறிந்து மதிப்பெண்ணாகவோ தரநிலையாகவோ பதிவு செய்வது தொகுத்தறி மதிப்பீடு எனப்படும். அண்மை ஆண்டுகளில் இவ்விரண்டும் கைப்பேசிச் செயலி, கூகுள் படிவம், விரிதாள் ஆகியவற்றின் வழியே நடைபெறுகின்றன. இக்கட்டுரை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இம்மாற்றம் நிகழ்ந்த விதத்தையும், ஒரே ஒரு கைப்பேசி உள்ள சாதாரண வகுப்பறையில் இக்கருவிகளால் ஆகக்கூடியதையும் ஆகாததையும் விளக்குகிறது.

சொற்களும் பொருளும்

ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களையும் முதலில் பயன்படுத்தியவர் மைக்கேல் ஸ்கிரிவன் (1967). அவர் பாடத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றியே பேசினார். மாணவரின் கற்றலுக்கு அவற்றைப் பொருத்திக் காட்டியவர் பெஞ்சமின் புளூம். பிரிட்டனைச் சேர்ந்த பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகிய இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புக்குப் பிறகு வளரறி மதிப்பீடு உலகெங்கும் பேசுபொருளாயிற்று.

பி.எட். வகுப்பில் இதை எளிதாகச் சொல்வதற்கு ஒரு வழி உண்டு. திங்கட்கிழமை வைத்த தேர்வினால் செவ்வாய்க்கிழமைப் பாடம் சிறிதேனும் மாறினால் அது வளரறி மதிப்பீடு. மாறவில்லையென்றால், அதற்கு எந்தப் பெயர் சூட்டினாலும், அது சிறிய தொகுத்தறி மதிப்பீடுதான்.

தமிழ்நாட்டில் வந்த வழி

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வியில் குழந்தையின் அறிவை அச்சமின்றி, தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்று 29-ஆம் பிரிவில் கூறுகிறது. அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, 8-ஆம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. இரண்டு பிரிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆண்டு இறுதியில் நிறுத்தி வைப்பதற்குப் பதிலாக ஆண்டு முழுவதும் கவனித்துக் கைதூக்கி விட வேண்டும் என்பதே சட்டத்தின் எண்ணம். நடைமுறையில் 'ஆல் பாஸ்' என்ற பாதி மட்டும் உடனே வந்துவிட்டது. கவனித்துக் கைதூக்கும் மற்றப் பாதிதான் கடினமானது.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8 வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தன. அடுத்த ஆண்டு 9-ஆம் வகுப்பும் சேர்ந்தது. ஒவ்வொரு பருவத்திலும் 100 மதிப்பெண்ணில் 60 தொகுத்தறித் தேர்வுக்கு, 40 வளரறி மதிப்பீட்டுக்கு. இந்த 40-இல் செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20. முன்னது வளரறி மதிப்பீடு (அ), பின்னது வளரறி மதிப்பீடு (ஆ). மொத்த மதிப்பெண் தரநிலையாக மாற்றப்பட்டது. 91-க்கு மேல் ஏ1, 81 முதல் 90 வரை ஏ2 என்று அது இறங்கும்.

இம்முறையின் பலமும் பலவீனமும் அந்த 40 மதிப்பெண்ணில்தான் இருந்தன. நாடகம் போட்ட குழந்தை, இலை சேகரித்து ஒட்டிய குழந்தை, சந்தையில் விலை விசாரித்துக் கணக்கெழுதிய குழந்தை எல்லோருக்கும் முதன்முதலாகப் பதிவேட்டில் இடம் கிடைத்தது. அது பெரிய மாற்றம். ஆனால் வளரறி மதிப்பீட்டை மதிப்பெண்ணாக்கி, அதைத் தேர்ச்சி அட்டையிலும் சேர்த்ததால், குறை காட்டுவதற்காக ஏற்பட்ட கருவியே குறையை மறைக்கத் தொடங்கியது. பல பள்ளிப் பதிவேடுகளில் வகுப்பு முழுவதும் 36, 37, 38 என்றே நிற்கும். கூட்டல் தெரிந்த பிள்ளைக்கும் 37, தெரியாத பிள்ளைக்கும் 36. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'குறைந்த மதிப்பெண் ஏன்' என்று மேலிருந்து கேள்வி வரும். 'இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியவில்லை' என்று வராது. எந்தக் கேள்வி வருகிறதோ அதற்கேற்றவாறுதான் பதிவேடு எழுதப்படும்.

எண்ணும் எழுத்தும்: செயலிக்குள் வந்த மதிப்பீடு

கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடப்பட்டதன் விளைவு, மீண்டும் திறந்தபோது கண்கூடாகத் தெரிந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாமலே குழந்தைகள் 3-ஆம் வகுப்புக்கு வந்திருந்தனர். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் மாலை நேரத் தன்னார்வலர்களைக் கொண்டு இதைச் சரிசெய்ய முயன்றது. 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1 முதல் 3 வகுப்பு வரை தொடங்கிய இத்திட்டம் 2023-24-இல் 4, 5 வகுப்புகளுக்கும் விரிவடைந்தது.

இத்திட்டத்தின் சிறந்த கூறு, குழந்தையை வகுப்பின் எண்ணால் பார்க்காமல் நிலையால் பார்ப்பது. அடிநிலை மதிப்பீட்டுக்குப் பின் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் அமர்த்தப்படுகிறார்கள். பயிற்சி நூலும் அதற்கேற்ப அமைந்துள்ளது. ஏ1, ஏ2 என்பது குழந்தை எவ்வளவு வாங்கியது என்று சொல்லும். அரும்பு, மொட்டு என்பது அடுத்து என்ன கற்பிக்க வேண்டும் என்று சொல்லும். வளரறி மதிப்பீட்டுக்குத் தமிழ்நாடு கண்ட நல்ல பெயர்கள் இவை.

மதிப்பீட்டுப் பதிவுகள் செயலிக்குள் சென்றபோது சிக்கலும் உடன் வந்தது. குழந்தைகளை ஒவ்வொருவராக அருகே அழைத்து, கைப்பேசியில் வரும் வினாவைக் காட்டி, விடையைத் தொட்டுப் பதிவிட வேண்டும். இரண்டு மூன்று வகுப்புகளை ஒருவரே பார்த்துக்கொள்ளும் தொடக்கப் பள்ளியில் ஒரு குழந்தை பதிலளிக்கும் நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இணைய வேகக் குறைவும் சர்வர் தாமதமும் சேர்ந்தால் கற்பிக்கும் நேரத்தைப் பதிவேற்றும் நேரம் தின்றுவிடும். எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு முதல் நலத்திட்டப் பொருள் வரை பதிவிடும் வேலையும் கூடவே இருந்தது. ஆசிரியர் சங்கங்கள் இதை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தன.

இதில் கவனிக்க வேண்டியது தரவு செல்லும் திசை. வகுப்பறையிலிருந்து தரவு மேலே போகிறது. மாநில அளவில் எத்தனை விழுக்காடு மொட்டு, எத்தனை மலர் என்று தெரிகிறது. திட்டமிடுவோருக்கு அது தேவைதான். ஆனால் மறுநாள் காலை அதே ஆசிரியரின் கையில் 'இந்த ஏழு பிள்ளைகள் இன்னும் கொம்பு, கால் சேர்த்து வாசிக்கத் தடுமாறுகிறார்கள்' என்று ஒரு பட்டியல் திரும்பி வந்தால்தான் அது வளரறி மதிப்பீடு. கருவியைத் தேர்ந்தெடுக்கும் எந்த ஆசிரியரும் முதலில் கேட்க வேண்டியது இதையே: இதன் விடை எனக்கு எப்போது, எந்த வடிவில் திரும்பி வரும்?

தவறான விடையே தகவல்

செயலிகளும் கூகுள் படிவமும் பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களையே ஏற்கின்றன. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. குறை வினா வகையில் இல்லை, தவறான விடைகளை அமைக்கும் முறையில் இருக்கிறது. ஏதோ மூன்று எண்களை இட்டு நிரப்பினால், தவறிய குழந்தை தவறியது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

4-ஆம் வகுப்புக் கழித்தல் கணக்கு ஒன்றைப் பார்ப்போம்.

402 – 178 = ?
(அ) 376 (ஆ) 224 (இ) 234 (ஈ) 324

சரியான விடை 224. மற்ற மூன்றும் மூன்று வேறு தவறுகளின் விளைவுகள்.

376 என்று சொல்லும் குழந்தை, ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 8-இல் 2 போனால் 6, 7-இல் 0 போனால் 7, 4-இல் 1 போனால் 3. மேலே உள்ளதிலிருந்து கீழே உள்ளதைக் கழிக்கிறோம் என்பதே இக்குழந்தைக்குப் பதியவில்லை. இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

234 என்று சொல்லும் குழந்தைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் தெரியும். நடுவில் சுழியம் வரும்போதுதான் சிக்கல். நூறிலிருந்து கடன் வாங்கிப் பத்தாமிடத்தில் 10 ஆக்கியது. அதிலிருந்து ஒன்றை ஒன்றாமிடத்துக்குக் கொடுத்த பிறகு 9 ஆக்க மறந்தது.

324 என்று சொல்லும் குழந்தை நூறாமிடத்தில் 4-ஐ அடித்து 3 ஆக்காமல் விட்டது. இது பெரும்பாலும் கவனப் பிசகு. இரண்டு கணக்கு போட்டுக் காட்டினால் போதும்.

38 பேர் உள்ள வகுப்பில் 19 பேர் 224, 12 பேர் 376, 4 பேர் 234, 3 பேர் 324 என்று விடை வந்ததாக வைத்துக்கொள்வோம். 'பாதி வகுப்புக்குத் தெரியவில்லை' என்பது மதிப்பெண் தரும் செய்தி. 'பன்னிரண்டு பேரைத் தனியே உட்கார வைத்து, நூறு குச்சிக் கட்டு, பத்துக் குச்சிக் கட்டு, உதிரிக் குச்சி கொண்டு இடமதிப்பை மீண்டும் தொடங்கு. ஏழு பேருக்குக் கரும்பலகையில் பத்து நிமிடம் போதும்' என்பது விடைகளின் பங்கீடு தரும் செய்தி. இரண்டாவது செய்தியைத் தாளில் எடுக்க 38 விடைத்தாளையும் புரட்ட வேண்டும். கூகுள் படிவத்திலோ வினாடி வினாச் செயலியிலோ அது உடனே படமாக வந்து நிற்கும். மின்னணுக் கருவியின் உண்மையான ஆதாயம் இந்த வேகம் ஒன்றுதான் என்பது என் கருத்து. திருத்தும் வேலை மிச்சமாவது அதற்கு அடுத்தது.

எல்லாப் பாடங்களிலும் இத்தகைய வினாக்களை ஆக்கலாம். 0.5, 0.35 இவற்றில் பெரியது எது என்று கேட்டால், 35 என்பது 5-ஐவிடப் பெரிது என்று எண்ணி 0.35-ஐச் சொல்வோர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். 1/2 + 1/3 = 2/5 என்பதும் அப்படிப்பட்ட பழைய நண்பர். இவ்வகைத் தவறுகளை ஆசிரியர் எங்கிருந்து சேகரிப்பது? சென்ற ஆண்டு விடைத்தாள்களிலிருந்து. பத்தாண்டு பணியாற்றிய எவரிடமும் இப்புதையல் இருக்கும். குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்போர்தான் குறைவு.

ஒரு கைப்பேசி உள்ள வகுப்பறை

கஹூட் போன்ற விளையாட்டு வகைச் செயலிகளுக்குப் பொதுவாக மாணவர்கள் கையிலும் கருவி வேண்டும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அது இயலும். தொடக்க, நடுநிலைப் பள்ளி வகுப்பறைகள் பலவற்றில் ஆசிரியரின் கைப்பேசி மட்டுமே உண்டு.

அதற்கேற்ற கருவி பிளிக்கர்ஸ். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அட்டையில் கருப்பு வெள்ளைக் கட்டங்களாலான ஒரு வடிவம். அதன் நான்கு பக்கங்களுக்கும் நான்கு விடைகள். தாம் தேர்ந்த விடை மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் யார் எந்த விடை சொன்னார் என்பது பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்பினால் பயனில்லை. அட்டைகளை ஒருமுறை அச்சிட்டுக் கெட்டி அட்டையில் ஒட்டி வைத்தால் பல மாதம் வரும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை இட்டால் சன்னல் வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும். உறை இடாமல் இருப்பதே நல்லது.

இதுவும் இயலாத இடத்தில் சிலேட்டு இருக்கிறது. வினாவைக் கேட்டு, எழுதச் சொல்லி, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டுவது நம் பள்ளிகளில் பழைய வழக்கம். பதிவு இருக்காதே தவிர, மறுநாள் பாடத்தை மாற்ற அது போதும்.

வீட்டுக்கு அனுப்பும் கூகுள் படிவத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பல்லாவரம் போன்ற புறநகர்ப் பகுதிகளில் பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அது வண்டி ஓட்டும் அல்லது கட்டட வேலைக்குச் செல்லும் தந்தையோடு காலையில் போய் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்பும். அதன் பிறகு வரும் விடை குழந்தையுடையதா, அக்காவுடையதா, தூக்கக் கலக்கத்துடையதா என்று சொல்ல இயலாது. அத்தகைய விடையைப் பயிற்சியாகக் கொள்ளலாம். மதிப்பெண்ணாகப் பதிவது நியாயமன்று.

எழுத்தும் வாசிப்பும்

மொழிப்பாடத்தில் கருவி ஏமாற்றும் இடங்கள் உண்டு. சொல்வதெழுதுதலைக் கைப்பேசியில் தட்டச்சு செய்யச் சொன்னால், இரண்டு எழுத்து தட்டியதும் விசைப்பலகையே முழுச் சொல்லையும் காட்டிவிடும். ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் குழந்தைக்குத் தெரியுமா என்பதை இதனால் அறிய முடியாது. கையால் எழுதச் சொல்லி, அதைப் படம் எடுத்து வைப்பதே சரி.

வாய்விட்டு வாசித்தலில் கைப்பேசி பெரிய துணை. ஒரே பத்தியை ஜூலையிலும் டிசம்பரிலும் மார்ச்சிலும் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து வைத்தால், அடுத்தடுத்துக் கேட்கும்போது வளர்ச்சி காதிலேயே தெரியும். பெற்றோருக்கு ஏ1, பி2 என்பதைவிட இது விளங்கும். கூகுளின் 'ரீட் அலாங்' செயலி தமிழையும் கேட்டுத் திருத்தும். 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் அதைக் கொண்டு வாசிப்பு மாரத்தான் நடந்தது. இத்தனை சொற்கள் வாசித்தோம் என்ற எண்ணிக்கை குழந்தைகளுக்கு உற்சாகம் தரும். வாசித்ததன் பொருள் விளங்கியதா என்பதை ஆசிரியர்தான் கேட்டறிய வேண்டும்.

இன்னொன்று. சென்னைப் புறநகர் வகுப்புகளில் இந்தி, வங்காளம், ஒடியா பேசும் தொழிலாளர் குடும்பக் குழந்தைகள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். தமிழில் எழுதிய கணித வினாவுக்கு அக்குழந்தை தவறான விடை சொன்னால், செயலி அதைக் கணிதக் குறையாகவே பதியும். அதே கணக்கை எண்களால் மட்டும் எழுதிக் கொடுத்துப் பார்த்த பிறகே எந்தக் குறை என்று முடிவு செய்ய வேண்டும்.

விரிதாளும் சராசரியும்

மதிப்பெண் பதிவேட்டை எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் வைத்தால் கூட்டல், தரநிலை மாற்றம் எல்லாம் தானே நடக்கும். தானே நடப்பதால் அதன் உள்ளே இருக்கும் முடிவுகளை யாரும் பார்ப்பதில்லை.

பத்து மதிப்பெண் சிறுதேர்வுகள் நான்கில் ஒரு மாணவி 3, 4, 8, 9 பெற்றாள். இன்னொருவன் 6, 6, 6, 6. இருவரின் சராசரியும் 6. முதலாமவள் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாள். தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததற்கு இன்னும் தண்டனை பெறுகிறாள். கற்றலைக் குறிப்பதுதான் மதிப்பெண்ணின் நோக்கம் என்றால் பிந்தைய இரண்டு தேர்வுகளுக்கு அதிக எடை தருவதே முறை.

அடுத்தது, வராத நாள். 8, 9, வரவில்லை, 8 என்ற வரிசையில் வராத இடத்தை வெறுமையாக விட்டாலோ 'வரவில்லை' என்று எழுத்தால் எழுதினாலோ விரிதாள் மூன்று தேர்வுகளின் சராசரியாக 8.33 தரும். அங்கே 0 இட்டால் 6.25 ஆகிவிடும். காய்ச்சலில் படுத்த நாள் ஒரு பிள்ளையின் தரநிலையையே மாற்றிவிடுகிறது. சுழியம் என்பது 'எழுதினான், ஒன்றும் தெரியவில்லை' என்பதற்கு மட்டும் உரியது.

மதிப்பெண்ணும் குறிப்பும்

ரூத் பட்லர் 1988-இல் இஸ்ரேல் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, ஆசிரியப் பயிற்சியில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த வேலையில் முன்னேறினர். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தனர். எண்ணைப் பார்த்தவுடன் குழந்தை குறிப்பைப் படிப்பதில்லை.

நம் வகுப்பில் இதைக் கையாள எளிய வழி, விடைத்தாளில் குறிப்பை மட்டும் எழுதிக் கொடுத்து, மதிப்பெண்ணைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, திருத்தி எழுதிக் காட்டிய பிறகு சொல்வது. குறிப்பும் 'நன்று', 'இன்னும் முயற்சி தேவை' என்று இருந்தால் பயனில்லை. 'கடன் கொடுத்த பிறகு பத்தாமிடத்தில் 9 என்று மாற்று' என்பதே குறிப்பு. நாற்பது பேருக்கும் எழுத நேரமில்லாதபோது, ஒரே தவறு செய்த குழுவுக்கு ஒரே குரல்பதிவு போதும்.

தேர்வு இல்லாமற்போன இரண்டு ஆண்டுகள்

பள்ளிக்குள் இடும் மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை 2020, 2021 ஆகிய ஆண்டுகள் காட்டின. 2020 ஜூன் 9 அன்று 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி இரத்து செய்தார். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடு, வருகைப்பதிவிலிருந்து 20 விழுக்காடு என்று மதிப்பெண் தரப்பட்டது. 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு, பொதுத்தேர்வுக்கு ஒத்திகை என்று எண்ணி எழுதிய தேர்வே சான்றிதழாயிற்று. ஒத்திகையில் கடுமையாகத் திருத்தினால்தான் பிள்ளைகள் விழிப்பார்கள் என்று கை இறுக்கித் திருத்திய பள்ளிகள் பல. தாராளமாகத் திருத்திய பள்ளிகளும் உண்டு. ஒரே தரத்து மாணவர் இருவருக்கு எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறியது.

2021-இல் 12-ஆம் வகுப்புக்குத் தேர்வு இரத்தானபோது, 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, 11-ஆம் வகுப்பிலிருந்து 20, 12-ஆம் வகுப்புச் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிடப்பட்டது. எழுத்துத் தேர்வுப் பகுதி இம்முறை பெரிதும் பொதுத்தேர்வையே சார்ந்திருந்தது. இதனால் ஒப்பீடு கூடுதல் நியாயமாயிற்று. ஆனால் 10-ஆம் வகுப்பில் சுமாராகப் படித்து, மேல்நிலையில் விழித்துக்கொண்ட பிள்ளைக்கு அந்த விழிப்பு சான்றிதழில் ஏறவில்லை. மேலே சொன்ன 3, 4, 8, 9 கணக்கு இங்கே மாநில அளவில் நிகழ்ந்தது.

2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. அவ்வகுப்பின் மதிப்பீடு இனி முழுவதும் பள்ளியின் கையில்.

மதிப்பெண் யாருக்குத் தெரியலாம்

2017-இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வுகளில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. அதே வேளையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் மதிப்பெண் பட்டியலை முழுவதுமாகப் படம் எடுத்துப் போடும் வழக்கம் வளர்ந்தது. அரசு மாநில அளவில் கைவிட்டதை நாம் தெரு அளவில் தொடர்கிறோம். கடைசி வரியில் இருக்கும் பிள்ளையின் தாய் அதே குழுவில்தான் இருக்கிறார். ஒவ்வொரு பெற்றோருக்கும் அவரவர் பிள்ளையின் வரியை மட்டும் அனுப்பக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகலாம். குழந்தைகளின் குரல்பதிவு, விடைத்தாள் படம் ஆகியவையும் அவ்வாறே. 18 வயதுக்குட்பட்டோரின் எண்ணிமத் தரவுகளைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. புதிய செயலியில் பிள்ளைகளின் பெயர்களை ஏற்றுவதற்கு முன் வரிசை எண் மட்டும் போதுமா என்று பார்ப்பது நல்லது. பெரும்பாலும் போதும்.

5-லிருந்து 6-க்கு

தொடக்கப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் குழந்தையோடு மாற்றுச் சான்றிதழ் போகிறது. எமிஸ் எண்ணும் பதிவுகளும் போகின்றன. எந்தக் கழித்தலில் தடுமாறுகிறது, எந்த எழுத்தில் நிற்கிறது என்பது போவதில்லை. 6-ஆம் வகுப்பு ஆசிரியர் ஜூனில் புதிதாக ஓர் அடிநிலைத் தேர்வு வைத்து, ஐந்தாண்டாக இன்னொருவருக்குத் தெரிந்திருந்ததை மீண்டும் கண்டுபிடிக்கிறார். 2025-26-இல் 6 முதல் 9 வகுப்பு வரை அடிப்படைத் திறன் குறைந்த மாணவர்களுக்கெனத் 'திறன்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கும் முதற்படி ஓர் அடிநிலைத் தேர்வுதான்.

5-ஆம் வகுப்பு ஆசிரியர் ஏப்ரலில், தம் விரிதாளிலிருந்து குழந்தைக்கு மூன்று வரி வீதம் ஒரு பக்கம் அச்சிட்டு அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடலாம். 'வரிசை எண் 14: தமிழ் சரளமாக வாசிப்பாள், ஒற்று விடுவாள். சுழியம் வரும் கழித்தலில் 234 வகைத் தவறு. வகுத்தல் இன்னும் தொடங்கவில்லை, பெருக்கல் வாய்ப்பாடு 6 வரை உறுதி.' இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. ஆண்டு முழுவதும் விடைகளின் பங்கீட்டைப் பார்த்துவந்த ஆசிரியருக்கு நாற்பது பேருக்கும் எழுத ஒரு சனிக்கிழமை ஆகும்.